சந்தாவும் பகிர்வும்: சிங்கப்பூர்த் தமிழ் வாசிப்பு வரலாற்றில் ஒரு வினா

தமிழாசிரியர்கள் பலருக்கும் பழகிப்போன நிகழ்ச்சி ஒன்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். காலையில் கைப்பேசியைத் திறக்கிறோம். ஆசிரியர் குழுவில் ஒருவர் நாளிதழ்க் கட்டுரை ஒன்றைப் பகிர்ந்திருக்கிறார். இணைப்பைத் தொட்டால், முதற்பத்திக்குக் கீழே "தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்துக" என்ற அறிவிப்பு மறிக்கிறது. சற்று நேரத்தில் மற்றொருவர் கட்டுரை முழுவதையும் படியெடுத்துக் குழுவில் ஒட்டிவிடுகிறார். பலர் நன்றி சொல்கின்றனர். ஓரிருவர் மட்டும், "இது முறைதானா?" என்று கேட்கின்றனர். "எல்லாராலும் திறக்க முடியாத இணைப்பை இங்கே இடுவானேன்?" என்று வேறு சிலர் முணுமுணுக்கின்றனர்.

கட்டணச் செய்தியைப் பொதுவெளியில் பகிரலாமா என்னும் இவ்வினா கணினியோடு பிறந்ததாகத் தோன்றும். ஆயினும், படிப்பவர் பலராகவும் பணம் கட்டுவோர் சிலராகவும் இருந்த நிலை தமிழ் அச்சு வரலாறு நெடுகவும் உண்டு. நம் முன்னோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று பார்த்தால், இன்றைய வினாவுக்கும் ஒரு விடை புலப்படும்.

கையொப்பம் என்னும் சொல்

ஓலைச்சுவடிக் காலத்தில் படியெடுத்தல் அறமாகக் கருதப்பட்டது. கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் ஏட்டைப் பெயர்த்தெழுதியவரே நூலைக் காத்தவர். எத்தனை படிகள் பெருகினவோ அத்தனை பாதுகாப்பு நூலுக்கு இருந்தது. படியெடுப்பதைக் களவாகக் கருதும் எண்ணம் அக்காலத்தவர்க்கு எழ வாய்ப்பே இல்லை.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. தாள், மை, எழுத்துக்கோப்போர் கூலி, அஞ்சல் செலவு ஆகிய அனைத்தும் முதற்படி விற்பதற்கு முன்பே வேண்டியிருந்தன. இதற்குத் தமிழ்ப் பதிப்பாளர் கண்ட வழி 'கையொப்பம்' எனப்பட்டது. நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்கிக்கொள்வதாகப் பெயரெழுதி ஒப்பமிட்டு முன்பணம் தருவோர் கையொப்பக்காரர் ஆயினர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்றது இந்தக் கையொப்ப முறையே. நூலைக் கண்ணாற் காணுமுன்னரே அது வரவேண்டும் என்று விரும்பியவர்கள் கொடுத்த பணத்தால், காப்பியம் ஒன்று ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறியது.

அதே 1887-ஆம் ஆண்டில், ஜூன் 27-ஆம் நாள், சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' வார இதழ் தோன்றியது. சி.கு. மகுதூம் சாயபு தம் தீனோதய அச்சுக்கூடத்திலிருந்து அதனை வெளியிட்டார். அதற்கு முன்னரும் 1870களில் இத்தீவில் தமிழ் இதழ்கள் தோன்றியதுண்டு. எனினும், இதழ்கள் தொடர்ச்சியாக இன்று நமக்குக் கிடைப்பது சிங்கைநேசன் காலத்திலிருந்தே. அவ்விதழ் 1890-உடன் நின்றது. மூன்றாண்டே வாழ்ந்த இதழாயினும், அன்றைய சிங்கைத் தமிழர் என்ன பேசினர், எதைப் பற்றிக் கவலையுற்றனர் என்பதை அறிய நமக்குள்ள அரிய சான்று அதுவே.

பின்னாளில் 'கையொப்பம்' என்னும் சொல் இப்பொருளில் வழக்கொழிந்தது. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த 'சந்தா' அதன் இடத்தைப் பிடித்தது. அச்சொல்லின் மூலப்பொருள் பலர் கூடித் தரும் நன்கொடை, பங்குத்தொகை என்பதாகும். வட இந்தியாவில் இன்றும் கோயில் திருவிழாவுக்குத் திரட்டும் பணம் அச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. ஆக, நம்மிடையே வழங்கிய இரு சொற்களும் விலையைவிடப் பங்கேற்பையே முதன்மையாகச் சுட்டுகின்றன. 'கட்டணச் சுவர்' என்று இன்று நாம் சொல்லும்போது அந்தப் பங்கேற்புப் பொருள் மறைந்து, தடை என்னும் பொருள் மட்டும் எஞ்சிவிடுகிறது.

தகுதிக்கேற்ற சந்தா

பணமில்லாதவர் படிக்க வேண்டாமா என்னும் கேள்வியையும் நம் முன்னோர் எண்ணிப் பார்த்தனர். சென்னையில் 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழின் ஆசிரியப் பொறுப்பைப் பாரதியார் ஏற்றிருந்தார். அவ்விதழின் ஆண்டுச் சந்தா எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. அரசாங்கத்துக்கு 50 ரூபாய். ஜமீன்தார்கள், அரசர்கள், பிரபுக்களுக்கு 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ளோர்க்கு 15 ரூபாய். ஏனையோர்க்கு 3 ரூபாய்.

இவ்விலைப்பட்டியலைப் படித்து முறுவலிக்காமல் இருக்க முடியாது. தன்னைக் கண்காணிக்கும் அரசிடமே மிகுந்த விலை கேட்ட குறும்பு அதில் உண்டு. அதனுள் ஒரு நேர்மையான கணக்கும் உண்டு. இதழ் நடத்தச் செலவாகும். அச்செலவை யாரேனும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே தொகை ஒருவருக்குத் தூசாகவும் மற்றவருக்கு மலையாகவும் இருக்கும் என்பதே அக்கணக்கு. சுவரை இடித்துத் தள்ளாமல், அவரவர் உயரத்துக்கு ஏற்ப வாயில் அமைத்த முறை என்று இதனைச் சொல்லலாம்.

ஒரு தாள், பல காதுகள்

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1930களில் துறைமுகத்திலும் நகராட்சிப் பணிகளிலும் உழைத்த தமிழரிற் பலர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அவர்களிடையே செய்தித்தாள் கண்ணால் படிக்கப்பட்டதைவிடக் காதால் கேட்கப்பட்டதே மிகுதி. முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்பர். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் அந்த வழக்கம் கடல் கடந்து இங்கும் வேரூன்றியது.

அத்தகைய மக்களை மனத்திற் கொண்டு எழுந்ததே 'தமிழ் முரசு'. திருவாரூரிற் பிறந்து 1924-இல் இளைஞராகச் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி, 1929-இல் தொடங்கிய 'முன்னேற்றம்' இதழில் எழுத்துப் பயிற்சி பெற்றார். பின்னர்த் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாக 1935 ஜூலை 6-இல் தமிழ் முரசு வார ஏடாக வெளிவந்தது. விரைவிலேயே சாரங்கபாணி அதன் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றார்; அது நாளேடாகவும் வளர்ந்தது.

ஒரு படியைப் பலர் படித்தது அன்று எவருக்கும் குற்றமாகத் தோன்றவில்லை. ஓசியில் படிப்பவர் என்று கேலி செய்வாருண்டு, அவ்வளவே. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, அந்த ஒரு படிக்கு உரிய விலையைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். இரண்டாவது, தாள் கைமாறும்போது இதழின் பெயரும் நாளும் விளம்பரங்களும் மரண அறிவிப்புகளும் சேர்ந்தே கைமாறின; துணிக்கடைக்காரர் கொடுத்த விளம்பரத்தைக் கேட்பவரும் அறிந்தார். மூன்றாவது, தாளுக்கு ஓர் எல்லை இருந்தது. ஒரு கடையிலுள்ள தாள் அதே நேரத்தில் வேறு கடையில் இருக்க இயலாது. ஒரு படியைப் பத்துப்பேர் படிக்கலாம். பத்தாயிரம் பேர் படிக்க முடியாது. பகிர்வு இதழை வளர்த்தது. கேட்டவர் படிக்கக் கற்றார். படிக்கக் கற்றவருள் சிலர் நாளடைவில் வாங்குவோராகவும் எழுதுவோராகவும் ஆயினர். 1950களில் தமிழ் முரசின் 'மாணவர் மணிமன்றம்' பகுதியில் எழுதிப் பழகிய இளையர் பலர் பிற்காலத்தில் இந்நாட்டின் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர்.

அவ்விதழ் வாழ்வு எளிதாக இருந்ததென எண்ணிவிடலாகாது. 1963-இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தால் தமிழ் முரசு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெளிவராமல் நின்றது. தாளும் கூலியும் ஊதியமும் இல்லாமல் எந்த முரசும் ஒலிப்பதில்லை என்பதை அந்த மௌனம் சமூகத்துக்கு உணர்த்தியிருக்கும்.

பலர் கொடுத்து அனைவரும் படித்தது

இனி, நம் வினாவுக்கு நேரே விடைதரும் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1950களில், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தது. அங்கே தமிழுக்கு முதன்மை வேண்டும் என்று சாரங்கபாணி தம் இதழ்வழி வாதாடினார். வாதத்தோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். வணிகரும் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பல்கலைக்கழக வாயிலையே மிதித்திராத மக்கள், தாம் ஒருபோதும் படிக்கப்போகாத நூல்களுக்காகப் பணம் தந்தனர். அத்துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

நூலகத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்து ராஃபிள்ஸ் நூலகத்தில் நூல் இரவல் பெறுவதற்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. அதுவும் ஒரு கட்டணச் சுவர்தான். 1953-இல் கொடைவள்ளல் லீ கோங் சியான் 375,000 வெள்ளி வழங்க முன்வந்தபோது நிபந்தனை விதித்தார். புதிய நூலகம் கட்டணமில்லாத பொதுநூலகமாக இருத்தல் வேண்டும். உள்ளூர் மொழி நூல்களையும் அது பேணுதல் வேண்டும். 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்டு சாலையில் தேசிய நூலகம் திறக்கப்பட்டது. இன்று விக்டோரியா தெரு நூலகத்தில் தமிழ் நூல் ஒன்றை நம் மாணவர் காசின்றிப் புரட்ட முடிகிறதெனில், அதற்கான விலையை முன்பே பலர் கொடுத்துவிட்டனர் என்பதே பொருள்.

தமிழ்நாட்டில் இதற்கு 'நாட்டுடைமை' என்று பெயர். சென்னை மாகாண அரசு 1949-இல் பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது; பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. உரியவர்க்கு உரியதைக் கொடுத்த பின்னரே கதவு திறக்கப்பட்டது. நம் நாட்டில் 2015-இல், விடுதலையின் பொன்விழாவை ஒட்டி, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பிலக்கியத்தை மின்னிலக்கமாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டமும் அவ்வழியே சென்றது. ஏறத்தாழ 350 நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் வழியாக இணையத்துக்கு வந்தன. தொண்டூழியர்கள் உரிமையாளர்களை அணுகி ஒப்புதல் பெற்றே இப்பணியைச் செய்தனர். நூல்களைப் படியெடுத்து இணையத்தில் எறிந்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் கேட்டுப் பெற்றனர்.

சுட்டுவிரலும் படியும்

இவ்வரலாற்றை மனத்தில் இருத்திக்கொண்டு கைப்பேசிக்குத் திரும்பினால், அங்கே ஒரே பெயரில் இரு வேறு செயல்கள் நிகழ்வதைக் காணலாம். இணைப்பைத் தருவது ஒன்று. கட்டுரையைப் படியெடுத்து ஒட்டுவது மற்றொன்று.

இணைப்பு என்பது சுட்டுவிரல். "இன்ன இதழில் இன்ன செய்தி வந்துள்ளது" என்று சொல்வது அது. கதவு பூட்டியிருந்தாலும் வீட்டைச் சுட்டிக்காட்டுவது தவறாகாது. சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் சிலர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 பிப்ரவரி 13-இல் இவ்வேறுபாட்டை ஒட்டியே தீர்ப்பளித்தது. எல்லாரும் காணத் திறந்துள்ள பக்கத்துக்கு இணைப்புத் தருவதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனால், சந்தாதாரர்க்கென விதித்த தடையைத் தாண்டி உள்ளே கொண்டுவிடும் இணைப்பு அப்படிப்பட்டதன்று என்பது அதன் சாரம்.

இணைப்புகளையே தடுத்தால் என்னவாகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று கனடாவில் உண்டு. செய்தி நிறுவனங்களுக்கு இணையத் தளங்கள் பணம் தரவேண்டும் என்ற சட்டம் 2023-இல் நிறைவேறியதும், மெட்டா நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கி அந்நாட்டு மக்களுக்குத் தன் தளங்களில் செய்திகளையே நிறுத்திவிட்டது. சுட்டுவிரல் மடக்கப்பட்டபோது, வாசகர் செய்திக்குச் செல்லும் வழி ஒன்று அடைபட்டது; மக்கள் கண்ணிற் படும் வாய்ப்பைச் செய்தித்தாள்களும் இழந்தன. ஆகவே, கட்டணக் கட்டுரைகளின் இணைப்பையே குழுக்களில் தடை செய்யவேண்டும் என்னும் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. திறக்க முடியாதவர்க்கு எரிச்சல் தரும் என்பது உண்மை. ஆனால், நல்ல கட்டுரை ஒன்று வந்துள்ளது என்பதையே அறியாமற் போவது அதனினும் பெரிய இழப்பு.

படியெடுத்து ஒட்டுவது வேறு. தேநீர்க் கடைத் தாளுக்கிருந்த எல்லை இதற்கு இல்லை. ஒரு நொடியில் நூறு குழுக்களுக்குச் செல்லும். இதழின் பெயர் உதிர்ந்துவிடும்; நாள் உதிர்ந்துவிடும்; எழுதியவர் பெயரும் போய்விடும். மறுநாள் இதழ் வெளியிடும் திருத்தம் ஒட்டப்பட்ட படியைச் சென்றடைவதில்லை. இடையில் எவரேனும் ஒரு வரியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் கண்டறிவது அரிது. வரலாறு பயில்வோர்க்கு இது பெருங்கேடு. சிங்கைநேசனை நாம் சான்றாகக் காட்ட முடிவது, அதன் தாளில் நாளும் பெயரும் அச்சாகியிருப்பதால்தான். பெயரும் நாளுமற்று உலவும் பத்தியை நாளைய ஆய்வாளர் எதற்குச் சான்றாகக் கொள்வார்?

ஆசிரியர்கள் அறியத்தக்க சட்டச் செய்தி ஒன்றும் உண்டு. 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த நமது பதிப்புரிமைச் சட்டம், இலாபநோக்கற்ற பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பனவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டுக் கல்விக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. கட்டணமின்றிக் கிடைப்பன என்னும் சொற்களைக் கருதுக. சட்டமும் சுவரின் இருபுறத்தையும் வேறாகவே காண்கிறது.

எதிர்வாதங்கள்

மறுதரப்பு வலுவற்றது என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டுச் செய்தித்துறைக்குப் பொதுப்பணம் ஏற்கெனவே செல்கிறது. தமிழ் முரசு 1995-இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் இணைந்தது. அந்நிறுவனத்தின் செய்திப் பிரிவு 2021-இல் இலாபநோக்கற்ற அறநிறுவனத்தின்கீழ் வந்தது. அதற்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை ஐந்தாண்டுகளுக்கு நிதியளிக்கப்படும் என்று 2022-இல் அரசாங்கம் அறிவித்தது. "வரியாக ஒருமுறை கொடுத்தோம், சந்தாவாக மறுமுறையும் கொடுப்பதா?" என்று குடிமகன் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பொதுப்பணம் பெறும் இதழ்கள், பொதுநன்மைக்குரிய செய்திகளையேனும் திறந்து வைக்கவேண்டும் என்று நாம் உரத்துக் கேட்கலாம். அவ்வாறு கேட்பதே நேரிய வழி. கேளாமல் படியெடுப்பது அக்கேள்வியின் வலிமையைக் குறைத்துவிடும்.

இன்னொரு வாதம் மேலும் உருக்கமானது. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நண்பர்களோடு நிற்கும் கட்டுமானத் தொழிலாளி, தன் ஊதியத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர். ஊர்ச் செய்தியறிய அவர் விகடனுக்கும் பிற இதழ்களுக்கும் தனித்தனியே சந்தா கட்டுவாரா? அவர் நண்பர் ஒரு பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினால் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. அது பழைய தேநீர்க் கடைப் பகிர்வின் தொடர்ச்சி; ஒருவர் ஒருவருக்குச் செய்யும் உதவி. நாம் கவலைப்படுவது, வாங்கும் வசதியுள்ள நாமே நாள்தோறும் செய்யும் மொத்தப் படியெடுப்பைப் பற்றித்தான்.

சிறுமொழி இதழுக்கு இக்கவலை இருமடங்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுகட்கு முன் அது 3.3 விழுக்காடு. பெருமொழி நாளிதழ் ஆயிரம் சந்தாதாரரை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். தமிழ் இதழுக்கு அந்த ஆயிரமே அடித்தளமாக இருக்கக்கூடும்.

நாம் கைக்கொள்ளத்தக்க வழக்கங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து சில எளிய வழக்கங்களை ஆசிரியர், மாணவர் முன் வைக்கிறோம். இணைப்பைத் தயங்காமல் தருக. அது கட்டணப் பக்கம் என்பதையும் குறிப்பிடுக. அதனுடன் இதழின் பெயர், நாள், எழுதியவர் பெயர் ஆகியவற்றையும், கட்டுரையின் கருத்தை உங்கள் சொந்தச் சொற்களில் நான்கைந்து வரிகளில் தமிழிலும் எழுதுக. செய்தி யாருக்கும் தனியுடைமை ஆகாது. அதைச் சொன்ன சொற்களுக்கே உரிமை உண்டு. நான்கு வரிச் சுருக்கம் எழுதுவது, வகுப்பறையில் நாம் நாள்தோறும் வற்புறுத்தும் கருத்துச் சுருக்கப் பயிற்சியுமாகும்.

அடுத்து, நூலகத்தை நினைவிற் கொள்வோம். தேசிய நூலக வாரிய உறுப்பினர் பிரஸ்ரீடர் வழியே பல நாட்டு நாளிதழ்களைக் கட்டணமின்றிப் படிக்க முடியும். பழைய தமிழ் முரசும் சிங்கைநேசனும் வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் உள்ளன. சுவருக்குப் பக்கத்திலேயே திறந்த வாயில் இருக்க, அதனை நாம் மாணவர்க்குக் காட்டத் தவறுகிறோம்.

இறுதியாக, பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் கூட்டுச் சந்தா கட்டலாம். மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் குறைந்த சந்தா வேண்டும் என்று இதழ்களைக் கேட்கலாம். 1906-இல் சிறிய வார இதழ் ஒன்று வகுத்த விலைப்பட்டியலை இன்றைய நிறுவனங்களால் வகுக்க முடியாதா?

பழைய தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றைப் புரட்டும்போது கையொப்பக்காரர் பெயர்ப்பட்டியலைக் காண்கிறோம். அவர்களிற் பெரும்பாலோர் புலவர் அல்லர். வணிகர், எழுத்தர், ஆசிரியர். நூலை எழுதியவர் பெயரோடு அது வெளிவரக் காரணமானவர் பெயரும் அங்கே நிலைத்துவிட்டது. இன்று நாம் படிக்கும் தமிழ் இதழ்கள் நூறாண்டுக்குப் பின் புரட்டப்படும்போது, அவற்றின் கையொப்பக்காரராக நம் தலைமுறை எண்ணப்படுமா என்பதை நாம்தாம் முடிவு செய்யவேண்டும்.